ஒன்றுக்கு அடுத்தது நாலு

சித்தூர் பஜார் தெருவில் அந்த நீலக் கார் மறுபடியும் நின்றுபோனது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிரேமலதா அவசரமாகச் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமி எழுந்தது. முதல் கியர் போட்டு மெல்ல நகர்த்தி, கிளட்சை மிதித்து, கியர் ராடை நேராகக் கீழே இழுத்தாள். அது பாதி வழியில், உள்ளேயிருந்து யாரோ பிடித்துத் தள்ளியதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கி, நாலாவது கியரில் போய் விழுந்தது. கார் உடம்பெல்லாம் உதறியது.

"செகண்ட் போடுன்னா ஃபோர்த் போடறே," என்றான் பக்கத்தில் இருந்த பாலசுந்தரம். "கை எங்க போவுதுன்னு உனக்கே தெரியலியா?"

"நேராத்தாங்க இழுத்தேன்."

"நேரா இழுத்தா செகண்ட்தான் விழும். நகரு."

அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். அவன் உட்கார்ந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். இன்ஜின் சத்தம் ஏறியதும் ராடைச் சரக்கென்று இழுத்தான். இரண்டாவது விழுந்தது. தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக் பிடித்து, மறுபடி முதலிலிருந்து அழுத்தி, மறுபடி இழுத்தான். அப்போதும் விழுந்தது.

"பாரு. விழுதா, இல்லியா?"

விழுந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வேறென்ன சொல்ல முடியும்?

பாலசுந்தரம் நகரிக்காரன். வீட்டில் விசைத்தறி ஓடியது. திருப்பதியில் இன்ஜினீயரிங் படித்தான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலத்தில், அதைச் சரிசெய்யப் போன கூட்டத்தோடு அமெரிக்கா போனான். கல்யாணம் முடித்த கையோடு பிரேமலதாவையும் அழைத்துப்போனான். அவள் பி.காம் படித்தவள். ஆனால் அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலை செய்யக் கூடாது. அங்கே இருந்த காலமெல்லாம் அபார்ட்மெண்டில் டிவி பார்த்தாள், கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு பழைய ஆட்டோமேடிக் காரில் கடைக்குப் போனாள், வந்தாள். இரண்டாயிரம் பிறந்தது, ஒன்றும் குழம்பவில்லை, பாலசுந்தரத்தின் வேலைதான் போனது. ஊருக்குத் திரும்பும்போது, ஆசைப்பட்டு வாங்கியிருந்த இந்த ஸ்போர்ட்ஸ் காரை விட்டுவர அவனுக்கு மனம் வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் வாரக்கணக்கில் அலைந்து, கையெழுத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி, அதை வெளியே எடுத்தான்.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாலசுந்தரம் ஓட்டினால் பிரேமலதா சொல்வாள். ஆனால் அவள் "போலாம்" என்று சொல்லி முடிக்கும் முன்பே அவன் தாண்டிக்கொண்டிருப்பான். அவனால் எதையும் நிதானமாகச் செய்ய முடியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பான். திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி போவதற்கான வழியைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அம்மா கமலம்மா, கணவர் இறந்தபின் தறிகளை விற்றுவிட்டு, மகன் சித்தூர் மிட்டூரில் வாங்கிய வீட்டுக்கு வந்திருந்தாள். இவர்கள் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை திருமலைக்குக் கிளம்பினார்கள். பின் சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது. கமலம்மா அதில் கால்களைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மலையடிவாரத்து அலிபிரியைத் தாண்டியதும் பாலசுந்தரம் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"நீ ஓட்டு. மலை ரோட்லதான் கை பழகும்."

"வாணாங்க. இவ்ளோ கூட்டத்துல..."

"ஒன்வேதானே? எதிர்ல எதுவும் வராது. ஓட்டு."

முன்னால் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. பிரேமலதா முதல் கியரிலேயே அதன் பின்னால் ஏறினாள். இன்ஜின் இரைந்தது. பாலசுந்தரம் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தான்.

"எவ்ளோ தூரம் ஃபர்ஸ்ட்லயே போவே? இன்ஜின் கத்துது பாரு. மாத்து."

ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் அவள் மாற்றினாள். ராடு கையிலிருந்து நழுவி நாலாவதில் விழுந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவள் பிரேக்கைத் தேடுவதற்குள் பின்னோக்கி உருண்டது. கமலம்மா "வெங்கடேசா!" என்று கத்தினாள். பின்னால் வந்த ஜீப்பின் முன்பக்கத்தில் இவர்கள் பம்பர் போய் இடித்து நின்றது.

ஜீப் டிரைவர் குதித்து வந்தான். ஸ்டியரிங்கில் பெண்ணைப் பார்த்ததும் பாலசுந்தரத்திடம்தான் பேசினான். "ஆடவாள்ளக்கு எந்துக்கய்யா இலாண்டி பண்டி?"

பெண்களுக்கு எதற்கு இந்த மாதிரி வண்டி என்று அவன் கேட்டதற்கு பாலசுந்தரம் சிரித்தான். மன்னிப்புக் கேட்டு, அவன் தோளில் தட்டி, "நேர்ச்சுக்குண்டோந்தி," கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றான். ஜீப்பில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இடித்ததைவிட அந்தச் சிரிப்புதான் பிரேமலதாவை அதிகம் குத்தியது. மேலே தரிசன வரிசையில் நின்றபோதும், இறங்கி வரும்போதும் அவள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தன் வலது கையையே அடிக்கடி பார்த்துக்கொண்டாள். கையில் ஏதோ கோளாறு என்றே அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அடுத்த வாரம் ஐதராபாத்தில் ஒரு கன்சல்டன்சி கூப்பிட்டது. நேர்முகம், பிறகு ஏதோ பயிற்சி, திரும்பி வர நாளாகும் என்றான் பாலசுந்தரம். போகும்போது கார் சாவியை அம்மாவிடம் கொடுத்தான்.

"லதா கைல குடுக்காதம்மா. எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவா."

அவன் போன பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. கரண்ட் போனால் அதுவும் இல்லை. பிரேமலதா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அமெரிக்காவில் ஜன்னலுக்கும் சோபாவுக்குமாக நடந்தது நினைவுக்கு வந்தது. ஒருநாள் காலை கமலம்மா சாவியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"கெளம்பு. காணிப்பாக்கம் போய்ட்டு வரலாம்."

"அவரு வாணாம்னு சொல்லிட்டுப் போனாரே அத்தே."

"சாவிய உங்கைல குடுக்காதன்னான். குடுக்கல, டீப்பாய் மேல வெச்சிக்கீறேன். ஓட்டறதுக்கு எனுக்குத் தெரியாது. நீயும் குந்திக்கினு, நானும் குந்திக்கினு, இன்னா பண்ணப் போறோம்? எனுக்குக் கால் நிக்க மாட்டேங்குது."

கமலம்மா இந்த முறை முன் சீட்டில், வலது பக்கம் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"லாரி வர்து, இரு. பின்னாடியே பஸ்ஸு கீது... வாணாம், வாணாம்... இப்போ போ. போ, போ, போ!"

பாலசுந்தரம் பக்கத்தில் இல்லாததால் நாலாவதில் விழுந்தாலும் யாரும் "நகரு" என்று சொல்லவில்லை. நின்றால் மறுபடி எடுத்தாள். ஆனால் காணிப்பாக்கத்திலிருந்து திரும்பும்போது ஒரு வேகத்தடையில் காரின் வயிறு உரசி, சைலன்சர் பட்டை பிய்ந்து, தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. தெருநாய்கள் துரத்தின. ஊருக்குள் நுழையும் இடத்தில் மெக்கானிக் ரங்கையாவின் ஷெட் கண்ணில் பட்டதும் உள்ளே திருப்பினாள்.

ரங்கையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அம்பாசடரும் மாருதியும்தான் அவருக்குப் பழக்கம். அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டையைக் கம்பி வைத்துக் கட்டி, வெல்டிங் வைத்தார். சத்தம் வருகிறதா என்று பார்க்க, பயந்து பயந்து ஒரு சின்னச் சுற்றுக்கு ஓட்டிப்போனார். அடுத்தவர் வண்டி, அதுவும் அமெரிக்க வண்டி என்று ஆக்சிலரேட்டரில் கால்விரலை மட்டும் வைத்தவர்போல ஓட்டினார். ஷெட்டுக்கு எதிரிலேயே வண்டி உதறி நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. இறங்கி வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. ரெண்டாவது போட்டா நாலாவது விழுது. நான் முப்பது வருசமா கியர் போடறேன், எப்பவும் இப்படி ஆனதில்ல." தயங்கிக் கேட்டார்: "இந்த வண்டிக்கு ரெண்டாவது கியரே லேதா?"

பிரேமலதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரங்கையா திகைத்துப்போய் கமலம்மாவைப் பார்த்தார்.

"இருக்குங்க," என்றாள் பிரேமலதா. "எங்க வீட்டுக்காரர் ஓட்டினா விழுது. எனக்கும் உங்களுக்கும்தான் விழல."

அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கோளாறு கையில் இல்லை என்று. அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும், கமலம்மாவை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே காலி ரோட்டுக்குப் போனாள். காலையில் எடுத்ததும் கொஞ்ச தூரத்துக்கு இரண்டாவது ஒழுங்காக விழுந்தது. இன்ஜின் சூடானதும் தொல்லை தொடங்கியது. மெதுவாக நகர்த்தி மாற்றினால் நாலாவதுக்குத் தள்ளியது. பாலசுந்தரம் மாதிரி அழுத்தி மிதித்துவிட்டு மாற்றினால் வழிவிட்டது.

"லதா, ஒரு மஞ்ச லைட்டு வந்து வந்து போவுது," என்றாள் கமலம்மா. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர்களின் ஓரத்தில். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த பிரேமலதாவின் கண்ணில் அது பட்டதே இல்லை. "ஒண்ணு, அப்பால ஒரு கோடு, அப்பால நாலு."

"எப்ப வருது?"

"நீ மெல்ல போறப்போ வர்து. அமுக்கனா போய்டுது."

பிரேமலதா வண்டியை ஓரங்கட்டி, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்றிலிருந்து நாலுக்குப் போ என்று கார் சொல்கிறது. சொல்வது மட்டுமில்லை, வேறு வழியில்லாமல் பிடித்துத் தள்ளுகிறது. அதுவும் மெதுவாகப் போகிறவர்களை மட்டும்.

சர்ச் தெருவில் ஒரு மாடியில் புதிதாக பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். இணைப்பு கிடைக்க மோடம் கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கும், பாதியில் அறுந்துபோகும். பிரேமலதா பொறுமையாக உட்கார்ந்து தேடினாள். அமெரிக்காவில் இதே காரை வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு பக்கம் கிடைத்தது. முழுக்க ஆண்கள். எல்லோரும் இதைத் திட்டியிருந்தார்கள். பெட்ரோல் குறைவாகக் குடிப்பதாகக் கணக்குக் காட்டுவதற்காகக் கம்பெனியே வைத்த ஏற்பாடாம். நிதானமாக ஓட்டுகிறவர் முதலிலிருந்து மாற்றினால், கியர்பாக்ஸில் ஒரு சின்ன மின்சார முள் நீண்டு இரண்டாவதின் வழியை அடைத்துவிடும். நன்றாக மிதித்து ஓட்டினால் வராது என்று பலர் எழுதியிருந்தார்கள். நிதானமாக ஓட்டுகிறவனுக்கு இந்த மாதிரிக் கார் எதற்கு என்று ஒருவன் கேட்டிருந்தான். அதைப் படித்தபோது அவளுக்கு ஜீப் டிரைவரின் குரல் கேட்டது.

இன்னும் கீழே போனபோது ஒருவர் வழி சொல்லியிருந்தார். காருக்கு அடியில் போய், அந்த முள்ளுக்குப் போகிற வயரின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். வெறுமனே கழற்றினால் இன்ஜினில் கோளாறு என்று கார் விளக்கைப் போட்டுவிடும். அதனால் வயர் முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிட்டால், முள் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கார் நம்பிக்கொள்ளும்.

ரெசிஸ்டர் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கிடைத்தது. ரங்கையாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் வயர் மேல கை வைக்க மாட்டேம்மா. வெல்டிங்ன்னா சரி. ஏதாவது ஆச்சுன்னா அமெரிக்காவுலேருந்தா பார்ட்ஸ் கொண்டாரது?"

"நீங்க தூக்கி நிறுத்திக் குடுங்க போதும். நான் கழட்டறேன்."

"நீங்களா?"

"இவதான்," என்றாள் கமலம்மா. "தூக்குய்யா."

ஷெட்டில் குழி இருந்தது. ஆனால் கார் அவ்வளவு தாழ்வு. குழிமேல் ஏற்றினால் வயிறு தட்டும். ஜாக்கி வைத்து, தடித்த பலகைகளை அடுக்கித் தூக்கினார் ரங்கையா. பிரேமலதா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கு விரித்து, டார்ச்சோடு அடியில் ஊர்ந்தாள். எண்ணெயும் மண்ணும் முகத்தில் உதிர்ந்தன. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் பிளக் தெரிந்தது. அழுத்திப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகம் உடைந்தது. மறுபடி இழுத்தபோது கழன்றது. ரெசிஸ்டரைச் செருகி டேப் சுற்றினாள்.

வெளியே வந்து காரை இறக்கி ஸ்டார்ட் செய்தார்கள். பின்னால் எடுக்க வேண்டும், முன்னால் சுவர். ரிவர்ஸ் விழவில்லை. அவள் இரு கையாலும் தள்ளினாள். ரங்கையா வந்து தள்ளினார். கல்மாதிரி நின்றது.

"சொன்னேனேம்மா," என்று ரங்கையா பதறினார். "சார் வர்றப்ப வண்டி என் ஷெட்டுலயே நிக்கும். என் பேரு ஏம்மா கெடணும்?"

பிரேமலதா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். ஒரு நிமிஷம், பாலசுந்தரம் இங்கே நின்று "நகரு" என்று சொல்வதுபோலவே இருந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடி, அந்தப் பக்கத்தில் படித்ததை ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிளக் இருக்கும், ஒன்று ரிவர்ஸுக்கானது, மாற்றிக் கழற்றிவிடாதே என்று கடைசியில் எழுதியிருந்தது. அதைப் படித்து முடிக்கும்போதே இணைப்பு அறுந்துபோனதால் அந்த வரி மனதில் தங்கவில்லை.

"வேற பிளக்க கழட்டிட்டேன். மறுபடி தூக்குங்க."

ரங்கையா முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். அவள் மறுபடி அடியில் போனாள். கழற்றியதைத் திருப்பி மாட்டி, சற்று முன்னால் இருந்த இன்னொன்றைத் தேடிப் பிடித்துக் கழற்றி, ரெசிஸ்டரை அதில் செருகினாள். இந்தத் தடவை ரங்கையாவும் குனிந்து டார்ச் பிடித்தார். இறக்கியதும் ரிவர்ஸ் வெண்ணெய்போல விழுந்தது. ரோட்டுக்கு வந்து, வேண்டுமென்றே இன்ஜின் சூடாகும்வரை சுற்றிவிட்டு, பஜார் தெருவுக்குள் நுழைந்தாள்.

சந்தை நாள். தள்ளுவண்டிகள், மாங்காய்க் கூடைகள், குறுக்கே ஓடும் பிள்ளைகள். முதல் கியரில் மெல்ல நகர்ந்து, ராடை நேராக இழுத்தாள். இரண்டாவது. நின்று, மறுபடி. இரண்டாவது. மஞ்சள் விளக்கு மினுங்கிப் பார்த்தது, ஆனால் ராடை யாரும் தள்ளவில்லை. தெருவின் அந்தக் கோடிவரை போய், திரும்பி, மறுபடி வந்தாள். கமலம்மா ஜன்னல் வழியே பேரம் பேசி மாங்காய் வாங்கினாள். வண்டி நிற்கவே இல்லை.

இதற்குள் திருப்பதியில் ஒரு இடத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. மற்றவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. வருஷக்கணக்கில் தனியாக டிவி பார்த்த காது அவளுடையது. பரீட்சைக்கு வைத்த பதிவை நிறுத்தாமல் அடித்துக் கொடுத்தாள். உடனே வரச்சொல்லிவிட்டார்கள்.

தினமும் கமலம்மாவை அழைத்துப்போக முடியாது. எதிரே வருவதைச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாகவே ஓட்டினாள். லாரிக்குப் பின்னால் தள்ளி நின்று, வளைவில் கொஞ்சம் கண்ணுக்கு வழி கிடைத்தால் மட்டும் தாண்டினாள். இல்லையென்றால் பாதி வழியில் இருக்கும் பூதலப்பட்டு தாண்டும்வரைகூட அதன் பின்னாலேயே போனாள். சீக்கிரம் போக வேண்டும் என்று கால் பரபரக்கும். ஆனாலும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தாள்.

பாலசுந்தரம் திரும்பி வந்தது ஒரு மாலை. ஐதராபாத் ரயில் திருப்பதி வரும் நேரமும் அவள் வேலை முடியும் நேரமும் ஒன்றாக இருந்தன. ஸ்டேஷன் வாசலில் நீலக் காரையும் அதில் அவளையும் பார்த்தவன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

"நீயா? தனியாவா வந்தே?"

"தினமும் வரேன். ஏறுங்க."

வேலை கிடைத்ததை அம்மா போனில் சொல்லியிருந்தாள், பஸ்ஸில் போகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். ஏறியதும் தன் செய்தியைக் கொட்டினான். நியூ ஜெர்சியில் வேலை. விசா வந்துவிடும். அடுத்த மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். "உனக்கும் சேர்த்துத்தான்," என்றான்.

ஸ்டேஷன் ரோட்டில் மொட்டைத் தலைகளும் மூட்டைகளுமாகக் கூட்டம். அவள் மெல்ல ஊர்ந்தாள். ஒன்று, இரண்டு. நின்று, ஒன்று, இரண்டு. பாலசுந்தரம் கவனித்தான்.

"பரவால்லியே. கை பழகிடுச்சு. நான்தான் சொல்லிட்டே இருந்தேன்ல."

சந்திரகிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் விளக்கு, ரங்கையா, முள், ரெசிஸ்டர். குரலை உயர்த்தாமல் சொன்னாள். கை மட்டும் ராடை இறுகப் பிடித்திருந்தது.

பாலசுந்தரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் தூசி கிளப்பிக்கொண்டு கடந்துபோனது.

"வாங்கறப்பவே அந்த சேல்ஸ்காரன் சொன்னான்," என்றான் கடைசியில். "இப்படி ஒண்ணு இருக்கு, நல்லா மிதிச்சா வராதுன்னு. எனக்கு வந்ததே இல்ல. அதனால மறந்தே போச்சு."

"மறந்துட்டீங்களா?"

"நெஜமா மறந்துட்டேன் லதா."

"நான் நேரா இழுத்தேன்னு எத்தன தடவ சொன்னேன். அப்பகூட ஞாபகம் வரலியா?"

"நீ சொன்னதக் கேக்கவே இல்ல நான்," என்றான். பிறகு, அவனுக்கே உரிய அவசரத்தில், "ஆனா ஒரு வார்த்தை சொல்லாம வயரைப் புடுங்கியிருக்கியே?" என்றான்.

"சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

அவள் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை அவன் ரங்கையாவின் ஷெட்டுக்குப் போய், கழற்றியதை மறுபடி மாட்டச் சொன்னான். ரங்கையா பயந்து போன் செய்ததும் பிரேமலதா ஆட்டோ பிடித்து ஓடினாள். சண்டை என்றே நினைத்துப் போனாள். பாலசுந்தரம் காரில் உட்கார்ந்திருந்தான்.

"ஏறு," என்றான். "ஒரு தடவ பாத்துடறேன்."

இன்ஜின் சூடாகும்வரை சுற்றிவிட்டு, பஜார் தெருவில் அவன் முதன்முறையாக மெதுவாக ஓட்டினான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. ராடை இழுத்தான். நாலாவதில் விழுந்து கார் நின்றது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒருவன் திட்டிக்கொண்டே தாண்டினான். மறுபடி எடுத்தான், மறுபடி நின்றது. அவன் காதுகள் சிவந்திருந்தன.

"யாரோ மணிக்கட்டப் புடிச்சி இழுக்கற மாதிரி இருக்கு," என்றான். "மலை மேல இதோடயா ஓட்டினே?"

"ஆமா."

அவன் வண்டியைத் திருப்பி ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். "கழட்டிடுங்க," என்று ரங்கையாவிடம் சொன்னான். இந்த முறை ரங்கையாவே அடியில் போனார்.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. நியூ ஜெர்சி விஷயம் நடுவில் கிடந்தது. அங்கே வந்தால் மறுபடி அந்த விசாதான், மறுபடி ஜன்னலும் சோபாவும்தான் என்று அவள் சொன்னாள். கொஞ்ச காலம்தான், பிறகு பார்க்கலாம் என்று அவன் சொன்னான். போன தடவையும் அதையேதான் சொன்னீர்கள் என்றாள். நாட்கணக்கில் பேசினார்கள், சில நாள் பேசாமலும் இருந்தார்கள். கமலம்மா ஒருநாள் குறுக்கே வந்தாள்.

"ஏண்டா, நீ போறதுன்னா போ. உன்ன யாரும் புடிச்சிக்கல. அவளுக்கு இப்பத்தான் காலு ஒரு எடத்துல பட்டுக்கீது. அதையும் இழுக்கறியே."

கடைசியில் அவன் தனியாகவே போனான். பெரிய பெட்டிகள் இரண்டும் நீலக் காரில் ஏறாததால் வாடகை சுமோவில் சென்னைக்குக் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசை நகரும்வரை விடவில்லை. எதையாவது சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். "டயர்ல காத்து பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. முதலில் அவசர அவசரமாகப் பேசினான். பனிக்காலம் வந்ததும் கொஞ்சம் நிதானமானான். திருப்பதியில் என்ன வேலை, எந்த டாக்டர் எப்படிப் பேசுகிறார் என்றெல்லாம் கேட்டான். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்டான். அடுத்த ஆண்டு அங்கே வேலைகள் மளமளவென்று போக ஆரம்பித்தன. அவனுடையதும் போனது. வேறொரு ஊரில் முயற்சி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னான். திரும்பி வா என்று கமலம்மா போனைப் பிடுங்கிச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேனே என்றான்.

பிரேமலதா போனை வாங்கினாள். "ஜூன்ல ஒரு மாசம் லீவு கேட்டிருக்கேன்," என்றாள். "வரேன். இருந்து பாக்கறேன். அங்க எப்படி இருக்குன்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் இன்னா பண்றதுன்னு ரெண்டு பேரும் பேசலாம்."

அந்தப் பக்கம் ஏதோ கரகரத்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"சரி," என்றான் பாலசுந்தரம். "உனக்கு எப்ப தோதோ அப்ப வா."